மலைச்செடியும் மண்தொட்டியும்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் வாழும் தெருக்களில் வைகறைப் பொழுதில் நடந்து செல்பவர், கோயில் மணியோசை அடங்குமுன்னே தறியோசை எழுவதைக் கேட்பர். அங்கே வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். வீட்டின் முன்பகுதியைத் தறி எடுத்துக்கொள்ளும். எஞ்சிய இடத்தில் மக்கள் வாழ்வர். தோட்டம் என்று சொல்லத்தக்க நிலம் பெரும்பாலும் இராது. ஆயினும் திண்ணையின் ஓரத்திலும், படியின் பக்கத்திலும், மாடிக் கைப்பிடிச் சுவரின்மீதும் தொட்டிகள் இருக்கும். ஒன்றில் துளசி தழைத்திருக்கும்; ஒன்றில் மல்லிகை அரும்பியிருக்கும்; வேறொன்றில் மரு மணக்கும். உடைந்த குடத்தின் அடிப்பாகத்தில்கூடச் சிலர் கற்பூரவல்லியை நட்டு வைத்திருப்பர். நிலமில்லாதவர்க்கும் பசுமையின்மீது விருப்பம் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மாணவர்களே, அத்தெருக்களுக்குச் சிறிதும் உரிமை இல்லாத ஒரு செடியைப் பற்றி ஈண்டுப் பேச எண்ணுகின்றேன். நீலகிரிக்குச் சென்று வந்தவர்கள் அதனைக் கண்டிருப்பர். உதகமண்டலத்தில் 1848 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசினர் தாவரவியற் பூங்காவில் ஆண்டுதோறும் மே மாதத்தில் மலர்க்காட்சி நடைபெறும். அப்பொழுது ஆயிரக்கணக்கான தொட்டிகளைப் படிப்படியாக அடுக்கி வைப்பர். அவற்றுள் ஜெரேனியம் என்னும் செடியும் உண்டு. அதன் இலை வட்டமானது. விளிம்பு அலையலையாய் இருக்கும். இலையின் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம், யாரோ தூரிகையால் வரைந்ததுபோல் ஓடும். நீண்ட காம்பின் உச்சியில் சிறு பூக்கள் பல கூடிக் குடைபோல் விரியும். சிவப்பும் இளஞ்சிவப்பும் வெண்மையும் ஆகிய நிறங்களில் அவை பூக்கும். பூவுக்கு மணம் இல்லை. இலையைத் தொட்டால் கையில் ஒரு காரமான வாசனை ஒட்டிக்கொள்ளும்.

உலகம் ஜெரேனியம் என்று அழைக்கும் இத்தொட்டிச்செடி, தாவர நூலார் கணக்குப்படி ஜெரேனியமே அன்று என்பது வியப்பான செய்தி. இதன் தாயகம் தென்னாப்பிரிக்கா. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கீழ்த்திசைக்கு வாணிகம் செய்யப் போய்வந்த கப்பல்களின் வழியாக 17 ஆம் நூற்றாண்டில் இவ்வினத்துச் செடிகள் ஐரோப்பாவை அடைந்தன. இங்கிலாந்தில் ஜான் டிரடெஸ்கன்ட் என்னும் தோட்டக்கலைஞர் 1631 ஆம் ஆண்டில் இவற்றுள் ஒன்றின் விதையைப் பாரிசு நகரிலிருந்து பெற்று வளர்த்தார். லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1753 இல் செடிகளுக்குப் பெயர் வகுத்தபோது இவற்றையும் ஜெரேனியம் என்ற பேரினத்திலேயே அடக்கிவிட்டார். பிரெஞ்சு நாட்டு அறிஞர் லெரித்தியே என்பவரோ 1789 இல் இவற்றைப் பிரித்தெடுத்துப் பெலார்கோனியம் என்று வேறு பெயரிட்டார். உண்மை ஜெரேனியத்தின் ஐந்து இதழ்களும் ஒரே வடிவில் அமைந்திருக்கும். பெலார்கோனியத்தில் மேலிதழ் இரண்டும் கீழிதழ் மூன்றும் வேறுபட்டிருக்கும். பூவின் காம்போடு ஒட்டி நுண்ணிய தேன்குழல் ஒன்றும் பெலார்கோனியத்திற்கு உண்டு. அறிஞர் பிரித்தபின்னும் மக்கள் பழைய பெயரை விடவில்லை. வழக்கு வென்றது.

இப்பெயர்களின் பொருள் தமிழ் மாணவர்க்கு இனிமை தருவது. கிரேக்க மொழியில் ஜெரனோசு என்பது கொக்கினத்தையும், பெலார்கோசு என்பது நாரையினத்தையும் குறிக்கும். பூ உதிர்ந்தபின் உண்டாகும் காய் நீண்டு கூராய்ப் பறவையின் அலகுபோல் நிற்பதால் இப்பெயர்கள் வந்தன. நம் முன்னோரும் செங்காந்தட் பூவில் விரலைக் கண்டவர்கள். முல்லையரும்பில் பல்லைக் கண்டவர்கள். இச்செடி பண்டே இங்கு வந்திருப்பின் 'நாரையலகு' என்று பெயர் பெற்றிருக்கக் கூடும். யான் வகுப்பில் சிலகாலம் அப்பெயரை வழங்கிப் பார்த்தேன். மாணவர் மகிழ்ந்தனர், ஆனால் நாற்றுப் பண்ணைக்குச் சென்று அப்பெயரைச் சொன்னபோது அங்கிருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். ஆகலின் இங்கும் ஜெரேனியம் என்றே எழுதுகின்றேன்.

நம் மலைகளில் உண்மை ஜெரேனியமும் ஒன்று இயற்கையாக உண்டு. நேபாளத்தின் பெயரால் வழங்கும் சிறு செடி அது. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்லோடு புல்லாய்ப் படர்ந்து சிறிய பூக்களைப் பூக்கும். அதனை யாரும் தொட்டியில் வைப்பதில்லை. மணத்தின் பொருட்டு வளர்க்கும் வகை வேறொன்றும் உண்டு. அதன் இலையிலிருந்து வாலை வடிக்கும் எண்ணெய் ரோசாப்பூவின் மணத்தை ஒத்தது. நறுமணப் பொருள்கள் செய்வோர் அதனை விரும்பி வாங்குவர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்வராயன் மலையில் ஏற்காட்டுப் பகுதியில் அது நடப்பெற்றுப் பின்னர் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பரவியது. இவ்வகையைச் சார்ந்த ஒரு செடியைக் கொசுவை ஓட்டும் செடி என்று சொல்லி விற்பவர் உளர். ஆய்ந்து பார்த்தவர்கள், அச்செடியின்மீதே கொசுக்கள் வந்து அமர்வதைக் கண்டனர். கொசுவலையை எறிந்துவிட வேண்டா.

தொல்காப்பியர் நிலத்தைத் திணைகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரமும் பூவும் பறவையும் கூறுமிடத்து, ஒரு நிலத்தின் பூவோ பறவையோ வேறு நிலத்தில் வந்து வழங்குதலும் உண்டு என்றும், அவ்வாறு வரின் வந்த நிலத்துக்கு உரியதாகவே அதனைக் கொள்ளலாம் என்றும் இடம் தந்துள்ளார். இப்பகுதியை யான் பல ஆண்டுகள் மாணவர்க்கு எளிதாக விளக்கிவந்தேன். செய்யுளில் அது எளிதுதான். ஒரு குறிஞ்சிநிலச் செடியைக் காஞ்சியின் வெயிலில் வந்த நிலத்துக்கு உரியதாக்குவது எத்துணை அரிது என்பதைத் தொட்டியை வைத்துக்கொண்டு கற்றேன்.

குன்னூரில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தபோது சிவந்த பூக்கள் நிறைந்த ஜெரேனியத் தொட்டி ஒன்றைப் பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து எனக்குத் தந்தார். அது வைகாசியின் தொடக்கம்; கத்திரி வெயில் காய்ந்துகொண்டிருந்த காலம். மலைச்செடி ஆயிற்றே, வெப்பம் தாங்காதே என்று அஞ்சி, யான் அதற்குக் காலையில் ஒருமுறையும் நண்பகலில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் நீர் ஊற்றினேன். தொட்டியின் அடியில் ஒரு தட்டை வைத்து அதிலும் நீர் நிரப்பினேன். நான்காம் நாள் இலைகள் வாடின. வாடக் கண்டு மேலும் ஊற்றினேன். பத்து நாளுக்குள் தண்டின் அடிப்பாகம் கருத்து, மெலிந்து, தொட்டால் குழைந்தது. செடி சாய்ந்தது.

எதிர்வீட்டு நெசவாளர் குடும்பத்து மூதாட்டியார் அதனைப் பார்க்க வந்தார். அவர் தம் வாழ்நாளில் ஜெரேனியத்தைக் கண்டவர் அல்லர். ஆனால் அவர் வீட்டுத் துளசி எக்கோடையிலும் பட்டதில்லை. அவர் விரல்மொட்டினால் தொட்டியின் பக்கத்தைத் தட்டினார்.

"ஐயா, சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதில்லையா? இதனையும் அப்படித்தான் தட்டிப் பார்க்க வேண்டும். மண் உலர்ந்திருந்தால் தொட்டி கணீரென்று ஒலிக்கும். ஈரம் நின்றால் ஒலி அடங்கிப்போகும். கேளுங்கள், இது சேற்றுக்குடம்போல் ஒலிக்கிறது. செடிக்குத் தாகம் இல்லை, மூச்சு முட்டியிருக்கிறது" என்றார்.

அவர் சொல்லியது முற்றிலும் உண்மை என்பதைப் பின்னர் நூல்களிலும் படித்தறிந்தேன். வேர் நீரை மட்டும் உண்பதன்று. மண்ணின் துளைகளில் உள்ள காற்றையும் நாடுவது. துளைகள் யாவும் நீரால் நிறைந்துவிட்டால் காற்றுக்கு இடமில்லை, வேர் அழுகும். அழுகிய வேர் நீரை ஏற்றாது. ஆகவே நீர் நடுவே நின்றும் இலை வாடும். நீரின்றி வாடும் செடியும் நீர் மிகுந்து வாடும் செடியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். யான் இலையைப் பார்த்தேனேயன்றி மண்ணைப் பார்க்கவில்லை. மேலும் ஈரமும் வெப்பமும் சேர்ந்த மண்ணில் தண்டைக் கருக்கும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் பெருகும். ஜெரேனியத்தைப் பெரும்பாலும் மாய்ப்பது அந்நோயே.

இரண்டு திங்கள் கழித்து மாணவரிடமிருந்து கடிதம் வந்தது. "ஐயா, செடி எத்தனை கொத்துப் பூத்தது?" என்று அதில் கேட்டிருந்தார். யான் விடை எழுதவில்லை. இறந்தது என்று எழுத மனம் வரவில்லை. பூத்தது என்று எழுதக் கை வரவில்லை. மாணவர்க்கு வாய்மை பற்றிய பாடங்களை முப்பது ஆண்டுக்குமேல் நடத்தியவனுக்கு ஒரு தொட்டிச்செடி வைத்த தேர்வு அது. மூன்று வாரம் கழிந்தபின் உள்ளதை உள்ளவாறே எழுதினேன். நாள்தோறும் மும்முறை நீர் ஊற்றியதையும் மறைக்கவில்லை. அவர் வருந்தவில்லை. கார்த்திகை பிறக்கட்டும் என்று விடை எழுதினார். கார்த்திகை முடிவில் ஒரு சிறு பெட்டி வந்தது. உலர்ந்த செய்தித்தாளில் சுற்றிய மூன்று தண்டுகள் அதில் இருந்தன. அவற்றை நட்ட முறையையே இனிக் கூறுகின்றேன். அதுவே இப்பாடத்தின் உயிர்ப்பகுதி.

ஜெரேனியத்தை விதையாலும் வளர்க்கலாம் எனினும், தண்டை நட்டு வளர்ப்பதே எளிது. தாய்ச்செடியின் நிறமும் மாறாது. பூவில்லாத நுனித்தண்டை மூன்று அல்லது நான்கு அங்குல நீளத்திற்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் நறுக்க வேண்டும். நுனியில் இரண்டு மூன்று இலைகளை விட்டு மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். நறுக்கியவுடன் நடலாகாது, இங்கேதான் பலரும் தவறுவர். அரைநாள் முதல் ஒருநாள் வரை நிழலில் வைத்திருந்தால் வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டும். தோல் கட்டாத தண்டின் வழியே அழுகல் நுழையும். பெட்டியில் வந்த தண்டுகளுக்கு வழியிலேயே தோல் கட்டியிருந்தது. உலர்ந்த தாளில் சுற்றிய அவருடைய அறிவை அப்பொழுதுதான் உணர்ந்தேன். மணல் மிகுந்த மண்ணில் விரலால் குழி செய்து நட்டு, சுற்றிலும் மெல்ல அழுத்தி, ஒருமுறை நீர் தெளித்து, வெளிச்சமுள்ள நிழலில் வைக்க வேண்டும். நெகிழித்தாளால் மூடுதல் மல்லிகைத் தண்டுக்கு நலம் செய்யலாம். இதற்கு அது கேடு. மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். வேர் பிடித்ததா என்று நாள்தோறும் பிடுங்கிப் பார்க்கும் சிறுவர் உளர். புதிய தளிர் தோன்றுதலே வேர் பிடித்ததற்கு அடையாளம்.

தொட்டி சுட்ட மண்ணால் ஆனதாயிருத்தல் நன்று. ஓர் இளஞ்செடிக்கு ஆறு அங்குல வாயகலம் போதும். பெரிய தொட்டியில் சிறு செடியை வைத்தால் வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கும். அடித்துளையின்மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாய் மக்கிய சாணியெரு ஒரு பங்கு எனக் கலந்து நிரப்ப வேண்டும். பாலாறு அருகே ஓடும் ஊராயினும் மணல் இக்காலத்தில் எளிதில் கிடைப்பதில்லை; செங்கல்லை நொறுக்கிச் சலித்து, மாவை நீக்கிக் குறுநொய்யைச் சேர்த்தாலும் நீர் நன்றாக வடியும். மண்ணைத் தொட்டியின் விளிம்புவரை நிரப்பாமல் ஓர் அங்குலம் விடுக.

நீர் ஊற்றும் முறையை மூதாட்டியாரே கற்பித்துவிட்டார். மேல்மண் ஓர் அங்குலம் உலர்ந்தபின், காலை நேரத்தில், இலை நனையாமல் அடியில் ஊற்ற வேண்டும். ஊற்றினால் அடித்துளையின் வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். பின்னர்த் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பவர்க்கு விடையில்லை. மார்கழியில் நான்கு நாள் தாங்கும் தொட்டி பங்குனியில் இரண்டு நாள்கூடத் தாங்காது. நாட்காட்டியைப் பாராது தொட்டியைத் தட்டுக. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுந்திருப்பின் தொட்டியின் விளிம்பில் வெண்மையாய்ப் படியும். மழைக்காலத்தில் நல்ல மழைநீரை மிகுதியாக ஊற்றி வடியவிட்டால் மண் தெளியும். சாயமிட்ட நீரையும் சவர்க்கார நீரையும் வீணாக்கலாகாது என்னும் எண்ணத்தால் தொட்டியில் கொட்டுவது எங்கள் தெருவில் சிலர் வழக்கம். துளசியும் அதனைத் தாங்காது.

உரம் குறைவாகவே வேண்டும். கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துத் தெளிந்த நீரைப் பத்து மடங்கு நீரில் கலந்து, திங்களுக்கு இருமுறை ஊற்றினால் போதும். மிகுதியாய் ஊற்றினால் இலை பெருத்துப் பூ மறையும். நுனியை அவ்வப்போது கிள்ளினால் பக்கக் கிளைகள் தோன்றும். வாடிய பூங்கொத்தை இதழ் இதழாய்ப் பறியாமல் காம்பு தண்டோடு சேருமிடத்தில் ஒடித்துவிட வேண்டும். இலையின் அடிப்புறத்தில் பழுப்புநிறப் பொட்டுகள் வளையமாய்த் தோன்றின் அது துருநோய். அவ்விலையைக் கிள்ளி அப்புறப்படுத்துக. மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் உதவும்.

ஐப்பசி அடைமழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்திற்குள் இழுத்துவிட வேண்டும். கார்த்திகை முடிவு முதல் மாசிவரை காஞ்சியில் இச்செடிக்கு நற்காலம். பகலெல்லாம் வெயில் காயலாம். அப்பொழுது பூக்கும் பூ மலைப்பூவுக்குத் தாழ்ந்ததன்று. பங்குனி பிறந்தால் பத்து மணிவரை இளவெயில் மட்டுமே ஆகும். கத்திரிக் காலத்தில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்து செல்லும் நாட்களும் உண்டு. அக்காலத்தில் பூவை எதிர்பார்த்தல் தகாது. உயிரைக் காத்தலே பணி. அரும்புகளைக் கிள்ளிவிட வேண்டும். உரத்தை நிறுத்த வேண்டும். காற்றோட்டமுள்ள வடபுறத் தாழ்வாரத்தில் செங்கல்லின்மேல் வைக்க வேண்டும். யான் செய்யும் மற்றொரு முறையும் உண்டு. செடித்தொட்டியைப் பெரிய மண்தொட்டி ஒன்றினுள் இறக்கி, இடைவெளியில் மணலை இட்டு, அம்மணலை மட்டும் நனைத்து வைப்பேன். வெளித்தொட்டியின் துளைகளில் நீர் கசிந்து ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். பானைத்தண்ணீர் குளிர்வதும் இவ்வாறே. உள்தொட்டிக்கும் சிறிது ஈரம் ஊறுமாதலால் செடிக்கு நேரே ஊற்றும் நீரை இன்னும் குறைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் சில செடிகள் இறக்கும். அதனால் மாசியிலேயே தண்டுகளை நறுக்கிப் பிள்ளைச்செடிகள் சிலவற்றை ஆக்கி வைத்தல் வேண்டும். முதிர்ந்த செடியினும் இளஞ்செடி சில வேளைகளில் வெயிலை நன்கு தாங்குகிறது.

பெட்டியில் வந்த மூன்று தண்டுகளில் ஒன்று நடுமுன்னே கருத்திருந்தது. ஒன்று வேர் பிடித்தும் அடுத்த சித்திரையில் மாண்டது. எஞ்சிய ஒன்றே கோடையைக் கடந்தது. கடந்தது என்றால், நான்கு இலைகளோடு நின்றது என்பதே பொருள். ஆடியில் ஒரு தளிர் வந்தது. அதன் வழிவந்த செடிகளே இப்பொழுது என் வீட்டில் ஆறும், பள்ளியில் இரண்டும், எதிர்வீட்டு மாடிச்சுவரில் ஒன்றுமாக உள்ளன. எதிர்வீட்டுச் செடிக்கு மூதாட்டியார் துளசிக்குப் பக்கத்தில் இடம் தந்திருக்கிறார். அவர் வீட்டினர் முகப்பில் மாந்தளிர் நிறம் கோத்துப் புடவை நெய்யும் நாட்களில், அந்நிறத்துக்குப் பக்கத்தில் இச்சிவப்பை வைத்துப் பார்ப்பர் என்று கேள்வி.

இதனை எழுதும்போது பங்குனி நடக்கின்றது. இன்று காலை ஆறு தொட்டிகளையும் வடபுறத்திற்கு மாற்றினேன். ஐந்து கணீரென்று ஒலித்தன. ஆறாவது மட்டும் அடங்கி ஒலித்தது. அதற்கு நாளையும் நீர் இல்லை.